ரோமானிய வெண்கல நாணயத்தை இனங்காணுதல்: பின்பக்கத்திலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பழைய ரோமானியப் பேரரசின் வெண்கல நாணயம் ஒன்று முதன்முறையாகக் கைக்கு வரும்போது, ஏறத்தாழ எல்லோரும் அதிலுள்ள முகத்தைப் பார்த்து, "இது எந்த மன்னர்?" என்றுதான் கேட்கிறார்கள். இயல்பான கேள்விதான், ஆனால் அதையே முதலில் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. புதியவர்கள் கையில் மிகுதியாகக் கிடைக்கும் ரோமானிய வெண்கல நாணயங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த நூற்றாண்டில் நாணயத்தில் பொறிக்கப்பட்ட முகம், ஒரு தனிமனிதரின் சாயலாக இல்லாமல், பேரரசர் என்ற பதவிக்கான பொதுமுகமாக மாறிவிட்டிருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைனின் மகன்களை நாணய முகத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முயன்றால் நெடுநாள் பழகியவர்களும் தடுமாறுவார்கள். ஆகவே இக்கட்டுரை வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் அளவும் எடையும், அடுத்துத் தலையணி, பிறகு பின்பக்கத்துப் படம், அதன் கீழுள்ள அக்கசாலைக் குறி (நாணயம் அடித்த கூடத்தைக் காட்டும் குறி), எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மன்னரின் பெயர். இந்த வரிசையில் சென்றால், பெயர் முற்றிலும் தேய்ந்துபோன நாணயத்தைக்கூடப் பல நேரங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுக் கால எல்லைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

நாணயங்களிலுள்ள வாசகங்கள் இலத்தீன் மொழியில், இன்று ஆங்கிலத்துக்குப் பயன்படும் அதே பெரிய எழுத்துகளில் உள்ளன. இங்கே அவற்றை எழுத்தின் பெயரைக் கொண்டு குறிப்பிடுகிறேன். "எஸ்-சி" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு எழுத்துகளும் நாணயத்தில் அப்படியே இருக்கும் என்று கொள்ளுங்கள். தமிழில் ஒன்றுபோல எழுதப்படுபவற்றில், "டி-என்" என்பதில் வருவது D, "என்-ஓ-பி" என்பதில் வருவது B; மற்ற இடங்களில் "டி" என்பது T, "பி" என்பது P. ஒன்றை மட்டும் முன்பே மனத்தில் இருத்த வேண்டும். ரோமானியர் "யு" எழுத்தைத் தனியாக எழுதவில்லை. அது வரவேண்டிய இடத்திலும் "வி"தான் இருக்கும்.

நாணயத்தைத் தொடும் முன்

நம் வீடுகளில் செம்புக்குடமோ பித்தளை விளக்கோ கறுத்துப்போனால் கை தானாகப் புளியைத் தேடும். நாணயத்தின் விஷயத்தில் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த நாணயத்தில் எழுத்தின் விளிம்பும் முடியின் இழையும் பெரும்பாலும் உலோகத்தின்மேல் இறுகிப்போன களிம்புப் படலத்தில்தான் எஞ்சியிருக்கின்றன. புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் தூள் ஆகிய எதைப் போட்டாலும் அந்தப் படலம் போய்விடும். நாணயம் பளபளக்கும், ஆனால் படிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மென்மையான தூரிகையாலும் மூங்கில் பல்குச்சியாலும் மண்ணை மட்டும் நீக்கினால் போதும். எழுத்து தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிரும் புள்ளிகள் தென்பட்டால் அது வேறு சிக்கல். உலோகத்துக்குள் தங்கிவிட்ட குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தொடர்ந்து அரிக்கும்போது அந்த மாவு உண்டாகிறது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது விரைவாகப் பரவும். அத்தகைய நாணயத்தைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

நாணயம் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதி வையுங்கள். இந்தியாவில் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்படும் பழம்பொருளுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. இலங்கையில் கண்டெடுத்தால் தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அளவும் எடையும்

இதற்கு வேண்டிய கருவிகள் குறைவு: மில்லிமீட்டர் காட்டும் வெர்னியர் காலிப்பர், நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு மேசை விளக்கு. விட்டத்தை அகலமான இடத்திலும் குறுகிய இடத்திலும் அளந்து இரண்டையும் எழுதுங்கள், ஏனெனில் கையால் அடிக்கப்பட்ட இந்நாணயங்கள் சரியான வட்டமாக இருப்பதில்லை.

இந்த இரண்டு எண்களே நாணயத்தின் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும். அகஸ்டஸின் காலத்திலிருந்து 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய நாணயங்களின் காலம். பித்தளையில் அடிக்கப்பட்ட செஸ்டர்சியஸ் 32 முதல் 35 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 25 கிராம் எடையும் கொண்டது. உள்ளங்கையில் வைத்தாலே அதன் கனம் தெரியும். அதற்கு அடுத்த நிலையில் 26 முதல் 28 மில்லிமீட்டர் அளவில் இரண்டு நாணயங்கள் உண்டு: பித்தளையில் துபோண்டியஸ், செம்பில் ஆஸ். களிம்பு மூடியபின் பித்தளையும் செம்பும் ஒன்றுபோலவே தோன்றும். உலோகத்தைப் பார்ப்பதற்காகச் சுரண்ட வேண்டாம். நீரோவின் காலத்துக்குப்பின் துபோண்டியஸில் மன்னர் பெரும்பாலும் கதிர்கள் நீட்டிய முடியும், ஆஸில் வாகைமாலையும் அணிந்திருப்பார். தலையணியே வேறுபாட்டைக் காட்டிவிடும்.

215ஆம் ஆண்டில் கரகல்லா கதிர்முடி சூடிய உருவத்துடன் ஒரு வெள்ளி நாணயத்தைக் கொண்டுவந்தார். இன்று அதை அன்டோனினியானஸ் என்று அழைக்கிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதிலிருந்த வெள்ளி படிப்படியாகக் குறைந்து, காலியெனஸ் தனித்து ஆண்ட 260களில் சில விழுக்காடாகச் சுருங்கியது. ஆகவே 20 மில்லிமீட்டர் அளவில், 3 கிராமை ஒட்டிய எடையில், கதிர்முடியுடன் வெண்கலம்போல் தோன்றும் மெல்லிய நாணயம் கிடைத்தால் அது 250களுக்கும் 290களுக்கும் இடைப்பட்டது என்று துணிந்து தொடங்கலாம். பின்பக்கத்தின் அடியில் இருபத்தொன்று என்ற ரோமன் எண்ணோ, அதே எண்ணைக் குறிக்கும் "கே-ஏ" என்ற கிரேக்க எழுத்துகளோ இருந்தால் ஆரேலியன் 274ஐ ஒட்டிச் செய்த சீர்திருத்தத்துக்குப் பிந்தியது.

294ஐ ஒட்டி டயோக்ளிஷியன் 10 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் அளவும் கொண்ட புதிய நாணயத்தை அறிமுகப்படுத்தினார். இதை நும்மஸ் அல்லது ஃபோலிஸ் என்பார்கள். அதன் பிந்தைய வரலாறு முழுவதும் சுருக்கத்தின் வரலாறு. 313ஐ ஒட்டி மூன்றரை கிராமுக்கு இறங்கியது. 330இல் இரண்டரை கிராம். 330களின் பிற்பகுதியில் ஒன்றரை கிராமைச் சற்றே தாண்டிய எடை. 348இல் 5 கிராமை ஒட்டிய பெரிய நாணயம் ஒன்று மீண்டும் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதுவும் பாதியாகிவிட்டது. 380களுக்குப்பின் வந்த சிறுநாணயங்கள் 12 முதல் 14 மில்லிமீட்டர் அளவும் ஒரு கிராமை ஒட்டிய எடையும் கொண்டவை. இந்தக் காலத்து நாணயங்களின் உண்மையான பெயர்கள் பலவும் மறைந்துவிட்டதால், சேகரிப்பாளர்கள் விட்டத்தை வைத்தே முதல்தரம், இரண்டாம்தரம் என்று நான்காகப் பிரிக்கிறார்கள்: 25 மில்லிமீட்டருக்கு மேல், 21 முதல் 25 வரை, 17 முதல் 21 வரை, 17க்குக் கீழ்.

தலையில் என்ன இருக்கிறது

முன்பக்கத்தைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுத் தலையணியைப் பாருங்கள். கதிர்முடியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இலைகள் அடுக்கிய வாகைமாலையும் பின்கழுத்தில் தொங்கும் அதன் நாடாவும் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பொதுவானவை. முத்துகளோ சதுரக் கற்களோ பதித்த பட்டையான நெற்றிமுடி, கான்ஸ்டன்டைன் 324இல் பேரரசு முழுவதையும் தன்கீழ்க் கொண்டுவந்ததை ஒட்டி நாணயத்தில் நுழைந்து பின்னர் நிலைத்துவிட்டது. ஆகவே முத்துமுடி தெரிந்தால் நாணயம் 324க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. தாடியும் உதவும்: முழுத்தாடியை வழக்கமாக்கியவர் 117இல் பட்டமேறிய ஹாட்ரியன், கான்ஸ்டன்டைன் அதை மழித்த முகமாக மாற்றினார், அவருக்குப்பின் வந்தவர்களில் நீண்ட தாடியால் உடனே அடையாளம் தெரிபவர் ஜூலியன்.

பின்பக்கம்

புதியவர்கள் அவசரமாகத் தாண்டிச்செல்வது இந்தப் பக்கத்தைத்தான். அதிகம் சொல்வதும் இதுதான். ரோமானிய அரசு பின்பக்கப் படத்தைப் பேரரசெங்கும் குறித்த காலத்தில் மாற்றியது. ஒரே படம் பல அக்கசாலைகளில், பல மன்னர்களின் பெயரில், சில ஆண்டுகள் மட்டும் அடிக்கப்பட்டது. படம் தெரிந்தால் ஆண்டு தெரியும். ஆண்டு தெரிந்தால் அப்போது யார் யார் ஆட்சியில் இருந்தார்கள் என்ற பட்டியல் நான்கைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

முதல் மூன்று நூற்றாண்டுகளின் பெரிய நாணயங்களில், பின்பக்கத்தில் "எஸ்-சி" என்ற இரண்டு எழுத்துகள் படத்தின் இருபுறமோ அடியிலோ பெரிதாக நிற்கும். செனட் சபையின் ஆணைப்படி என்பது அதன் பொருள். படத்தில் பெரும்பாலும் நிற்கும் அல்லது அமர்ந்த பெண்ணுருவம் ஒன்று இருக்கும். அவள் கையிலுள்ள பொருளைப் பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும். தராசு பிடித்தவள் நேர்மைக்குரிய ஏக்விடாஸ் அல்லது அக்கசாலைக்குரிய மொனேட்டா. கப்பலின் சுக்கானைப் பிடித்தவள் ஃபோர்ச்சுனா. பாம்புக்கு உணவூட்டுபவள் நலவாழ்வுக்குரிய சாலுஸ். ஒரு கையில் பூவும் மறுகையில் உயர்த்திய ஆடைமடிப்புமாக நடப்பவள் நம்பிக்கைக்குரிய ஸ்பெஸ். சிறகும் மாலையும் உள்ளவள் வெற்றித்தேவி விக்டோரியா.

4ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் படங்களின் எண்ணிக்கை குறைந்து, காலத்தைக் காட்டும் திறன் கூடுகிறது. டயோக்ளிஷியனின் பெரிய நாணயத்தில், கையில் கிண்ணமும் செழிப்பின் கொம்பும் ஏந்தி, ஆடை பெரும்பாலும் விலகி நிற்கும் ஆணுருவம் ரோமானிய மக்களின் காவல்தெய்வம். கதிர்முடியுடன் வலக்கையை உயர்த்தி, இடக்கையில் உருண்டை ஏந்தி நிற்கும் சூரியதேவன், "சோலி இன்விக்டோ கோமிட்டி" என்ற வாசகத்துடன், 310களுக்குரியவன். மேலே சிறு கோபுரங்களும் அவற்றிடையே விண்மீனும் கொண்ட கல் அடுக்கிய கோட்டைவாயில், "ப்ராவிடென்டியே" என்று தொடங்கும் வாசகத்துடன், பெரும்பாலும் 324 முதல் 330 வரையிலானது.

330இல் வரும் படத்தைப் புதியவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவர்கள் கைக்கு வரும் நாணயங்களில் கணிசமானவை இந்த வகையே. ஈட்டியும் கேடயமும் ஏந்திய இரண்டு படைவீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். வாசகம் "குளோரியா எக்ஸர்சிட்டஸ்", அதாவது படையின் பெருமை. அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் 330 முதல் 335 வரை. ஒரே கொடி இருந்தால் 335இலிருந்து 341 வரை. எடை குறைந்து தகடு சிறிதானபோது இரண்டு கொடிகளுக்கு இடம் போதாமல் ஒன்றாக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு மறக்காது. கொடி எத்தனை என்று எண்ணுவதற்கு வாசகம் ஓர் எழுத்தும் தெரிய வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் இன்னும் இரண்டு வகைகள் வந்தன. ஒன்றில் முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த உருவமும், பின்பக்கம் இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாயும் இருக்கும். மற்றொன்றில் முன்பக்கம் தலைக்கவசத்துடன் செங்கோல் ஏந்திய உருவமும், பின்பக்கம் கப்பலின் முனைமேல் நிற்கும் வெற்றித்தேவியும் இருக்கும். முன்னது ரோம் நகரத்தையும் பின்னது 330இல் தலைநகராகத் திறந்துவைக்கப்பட்ட கான்ஸ்டன்டினோபிளையும் போற்றுபவை. முன்பக்கத்திலிருப்பது நகரத்தின் உருவகமே தவிர மன்னர் அல்ல. "எந்த மன்னர்?" என்ற கேள்வியோடு தொடங்கியவர்கள் இங்கே நெடுநேரம் தேடி ஏமாறுகிறார்கள்.

348க்குப்பின் "ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ" என்ற வாசகம் பல படங்களுடன் வருகிறது. மிகுதியாகக் கிடைப்பது, ரோமானிய வீரன் ஒருவன் குதிரையோடு சரியும் எதிரியை ஈட்டியால் குத்தும் காட்சி. 360ஐ நெருங்கும்போது அதன் இடத்தில் ஈட்டியும் உருண்டையும் ஏந்தி நிற்கும் மன்னருடன் "ஸ்பெஸ் ரெய்பப்ளிகே" என்ற சிறுநாணயம் வந்தது. 361க்கும் 363க்கும் இடையில் ஜூலியன் அடித்த, மேலே இரண்டு விண்மீன்களுடன் காளை நிற்கும் பெரிய நாணயத்தை வேறெதனோடும் குழப்ப முடியாது. 364 முதல் 378 வரை இரண்டே படங்கள் ஆட்சி செலுத்துகின்றன: ஒரு கையில் படைக்கொடி பிடித்து மறுகையால் கைதியின் முடியைப் பற்றி இழுக்கும் மன்னர், மாலையும் ஓலையும் ஏந்தி இடப்புறம் நடக்கும் வெற்றித்தேவி. அப்போது வாலண்டினியன், வாலன்ஸ், கிரேஷியன் ஆகிய மூவரின் பெயர்களையே முதலில் சோதிக்க வேண்டும். அதன்பின் வரும் மிகச்சிறிய நாணயங்களை எடுத்துக்காட்டோடு கீழே விளக்குகிறேன்.

அடிக்கோட்டின் கீழ்

பின்பக்கப் படத்தின் கீழே ஒரு கிடைக்கோடு இருக்கும். அதற்குக் கீழுள்ள குறுகிய இடத்தில், 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, நாணயம் அடித்த ஊரின் சுருக்கப்பெயர் ஏறத்தாழ எப்போதும் இடம்பெறுகிறது. அதைப் படிக்க மேசை விளக்கை நாணயத்தின் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். நேர்வெளிச்சத்தில் வெறும் மேடாகத் தெரிந்தது ஒரு கோணத்தில் நிழல் விழுந்து எழுத்தாக எழும். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும், ஆனால் ஒவ்வொரு கோணத்திலும் ஒன்றாக நான்கைந்து படங்களாவது எடுங்கள்.

குறியில் மூன்று உறுப்புகள் இருக்கலாம். முதலில் "எஸ்-எம்" என்ற முன்னொட்டு: புனித அக்கசாலை என்று பொருள். நடுவில் ஊர்: "ஏ-என்-டி" என்றால் அந்தியோக்கியா, "ஏ-எல்-இ" அலெக்சாந்திரியா, "டி-ஆர்" டிரியர், "ஏ-கியூ" அக்விலேயா, "எஸ்-ஐ-எஸ்" சிஸ்கியா, "டி-எஸ்" தெசலோனிக்கா, "என்" அல்லது "என்-ஐ-கே" நிகொமீடியா, "கே" சிசிக்கஸ், "எல்-ஜி" லியோன். மூன்றாவது, அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்பதைக் காட்டும் எழுத்து. மேற்குப் பகுதியில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்பதற்கான இலத்தீன் சொற்களின் முதலெழுத்தான பி, எஸ், டி, கியூ ஆகியவை பெரும்பாலும் முன்னால் வரும். கிழக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற கிரேக்க எழுத்துகள் பின்னால் வரும்.

இந்த வேறுபாடு ஒரு பொறியிலிருந்து காப்பாற்றும். பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகரத்துக்குக் கான்ஸ்டன்டீனா என்று பெயர் மாற்றியிருந்ததால், அங்கே அடித்த நாணயங்களிலும் "சி-ஓ-என்" என்றே இருக்கும். அதற்கு முன்னால் பி, எஸ், டி எழுத்துகளில் ஒன்று நின்றால் ஆர்ல். "சி-ஓ-என்-எஸ்" என்று வந்து பின்னால் கிரேக்க எழுத்து நின்றால் கான்ஸ்டன்டினோபிள். இதைக் கவனிக்காமல் ஆர்ல் நாணயங்களைக் கான்ஸ்டன்டினோபிளின் கணக்கில் எழுதுவது புதியவர்களிடம் மிகப் பரவலான பிழை.

இப்போது பெயர்

முன்பக்க வாசகம் பெரும்பாலும் கடிகார முகத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி, தலையைச் சுற்றி மேலே சென்று, 5 மணியில் முடியும். பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்கள் சூழ்ந்திருக்கும். "ஐ-எம்-பி" என்றால் படைத்தலைமை கொண்ட பேரரசர். "டி-என்" என்றால் நம் தலைவர், இது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வழக்கமாகிறது. இறுதியில் "பி-எஃப் ஏ-வி-ஜி" என்றால் பக்தியும் நற்பேறும் உடைய அகஸ்டஸ்; இங்கே அகஸ்டஸ் என்பது பேரரசருக்குரிய பட்டம். "என்-ஓ-பி சி" என்று முடிந்தால் அவர் பேரரசர் அல்ல, சீசர் பட்டம் பெற்ற இளவரசர். பின்பக்க வாசகத்தில் "ஏ-வி-ஜி-ஜி" என்று ஜி இரட்டித்தால் இருவரும், மூன்று ஜி வந்தால் மூவரும் ஒரே நேரத்தில் ஆட்சியில் இருந்தார்கள் என்று கொள்ளலாம்.

முந்தைய நூற்றாண்டுகளில் "சி-ஓ-எஸ்" என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் எண், அந்த மன்னர் எத்தனையாவது முறையாகக் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியை வகித்தார் என்பதைச் சொல்லும். டிராஜனின் நாணயத்தில் ஐந்து என்றிருந்தால் 103 முதல் 111 வரை, ஆறு என்றிருந்தால் 112க்குப்பின். ஹாட்ரியனின் நாணயத்தில் மூன்று என்பது 119 முதல் அவர் ஆட்சி முடியும்வரை நீடிப்பதால் அவ்வளவாக உதவாது.

கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய மூன்றும் ஒரே மாதிரி தொடங்குபவை. இரண்டாவது "டி" எழுத்துக்குப்பின் வரும் "ஐ"யை அடுத்து "என்" இருக்கிறதா, நேராக "வி" வருகிறதா என்பதில்தான் தந்தையும் மகனும் பிரிகிறார்கள். முன்னதில் "ஐ-வி-என்" என்ற எழுத்துகளும் "என்-ஓ-பி சி" பட்டமும் சேர்ந்திருந்தால் அவர் மகனான இரண்டாம் கான்ஸ்டன்டைன்.

ஒரு சிறுநாணயம், அருகிலிருந்து

13 மில்லிமீட்டர் விட்டம், 1.1 கிராம் எடை. முன்பக்கம் முத்துமுடி அணிந்த தலை வலப்புறம் நோக்குகிறது; இடப்பாதி வாசகம் தகட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது; வலப்பாதியில் மட்டும் சில எழுத்துகள். பின்பக்கம் சிறகுள்ள உருவம் ஒன்று தோளில் வெற்றிச்சின்னத்தைச் சுமந்து இடப்புறம் நடக்கிறது. அதன் பின்னால் ஒரு சிறிய கைதி இழுபடுகிறான். உருவத்தின் இடப்புற வெற்றிடத்தில், கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பிணைத்த சின்னம். அடியில் "ஏ-என்-டி" தெளிவாகவும், அதன்பின் காமா மங்கலாகவும் தெரிகின்றன.

எடையும் அளவும் 380களுக்குப்பின் என்கின்றன. படம் "சாலுஸ் ரெய்பப்ளிகே", அரசின் நலம் என்ற வகை. ஊர் அந்தியோக்கியா, மூன்றாம் பட்டறை. இந்த வகை கிழக்கில் அடிக்கப்பட்ட ஆண்டுகளில் இடம்பெறக்கூடிய பெயர்கள் நான்கே: இரண்டாம் வாலண்டினியன், முதலாம் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ்.

இப்போதுதான் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். இந்த வாசகங்கள் தலையின் உச்சிக்கு மேலே ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். பிரியும் இடம் ஒவ்வொரு பெயருக்கும் வேறு. வாலண்டினியன் பெயரில் வலப்பாதி "ஏ-என்-வி-எஸ்" என்று தொடங்கும். தியோடோசியஸ் பெயரில் "எஸ்-ஐ-வி-எஸ்" என்று தொடங்கும். ஆர்க்காடியஸும் ஹொனோரியஸும் "வி-எஸ்" என்று மட்டும் தொடங்குவார்கள். நம் நாணயத்தில் உச்சிக்கு அருகே வளைந்த ஓர் எழுத்து, அடுத்து ஒரு செங்குத்துக் கோடு, பிறகு "வி-எஸ்". வளைந்தது எஸ், செங்குத்தானது ஐ. ஆகவே தியோடோசியஸ், 395 ஜனவரியில் அவர் இறப்பதற்கு முந்திய நாணயம். அந்த வளைவும் கோடும் இல்லாமல் உச்சியிலிருந்து நேராக "வி-எஸ்" தொடங்கியிருந்தால், "ஆர்க்காடியஸ் அல்லது ஹொனோரியஸ்" என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஊகித்து ஒரு பெயரை எழுதுவதைவிட இரண்டு பெயர்களை எழுதுவது அடுத்து ஆராய்பவருக்குப் பயன்படும்.

பட்டியலில் எண் தேடுதல்

ரோமானியப் பேரரசு நாணயங்களுக்கான அடிப்படைப் பட்டியல், 1923இல் முதல் தொகுதியும் 1994இல் பத்தாவது தொகுதியும் வெளிவந்த ஆர்.ஐ.சி. வரிசை. இன்று அதன் பெரும்பகுதியை அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ஓ.சி.ஆர்.இ. என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். மேலே கண்ட வரிசையிலேயே தேடுவது நல்லது: முதலில் அக்கசாலை, அடுத்துப் பின்பக்க வாசகம், கடைசியில் மன்னர். வாசகத்தில் தெளிவாகத் தெரியும் எழுத்துகளை மட்டும் கொடுங்கள். கிடைக்கும் படங்களில் முடியின் வகை, கொடியின் எண்ணிக்கை, படத்தைச் சுற்றிய வெற்றிடத்திலுள்ள விண்மீன் அல்லது எழுத்து ஆகிய ஒவ்வொன்றையும் உங்கள் நாணயத்தோடு ஒப்பிட்ட பிறகே எண்ணை எழுதுங்கள். வாசகம் கிரேக்கத்தில் இருந்தால் அது பெரும்பாலும் மாகாண நகரங்கள் அடித்த நாணயம். அதற்குத் தனிப் பட்டியல் உண்டு.

போலிகளைப் பற்றி ஒரு சொல். சிறுநாணயங்களின் விலை குறைவு என்பதால் போலிகள் செஸ்டர்சியஸ் போன்ற பெரியவற்றிலேயே அதிகம். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் காற்றுக்குமிழியின் சிறு குழிகளும், கூர்மையிழந்த எழுத்துகளும் இருக்கும். வெவ்வேறு இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவக் குழி இருந்தால் இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைப்பவை

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும், மதுரைப் பகுதியிலும், அழகன்குளம் அகழாய்விலும் 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ரோமானியச் சிறுநாணயங்கள் கிடைத்துள்ளன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1990களில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். ஆற்றுமணலில் உருண்டு தேய்ந்திருப்பதால் இவற்றில் பெயர் தெரிவது அரிது. பின்பக்கத்திலிருந்து தொடங்கும் முறை இங்கேதான் மிகவும் கைகொடுக்கிறது.

இலங்கையில், குறிப்பாகத் தென்கரையில், இத்தகைய நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன; அவற்றோடு அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்யப்பட்ட நாணயங்களும் உள்ளன. இவற்றை இன்றைய போலிகளோடு குழப்பக்கூடாது. அன்றைய புழக்கத்துக்காக அன்றே செய்யப்பட்டவை இவை. வாசகத்தின் இடத்தில் பொருளற்ற கோடுகளும், படத்தின் இடத்தில் எளிமையாக்கப்பட்ட உருவமோ சிலுவையோ இருக்கும். எழுத்துகள் படிக்கும்படி இல்லாமல், எடை ஒரு கிராமுக்கும் கீழே இருந்தால், மன்னரின் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, எந்த மூலப்படத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். இத்தகைய நாணயத்துக்கு ஆர்.ஐ.சி. எண் கிடையாது. கிடைத்த இடம், எடை, விட்டம், இருபக்கப் படங்கள் ஆகிய நான்கையும் அதன் உறைமேல் எழுதிவிட்டால் இனங்காணும் பணி முடிந்தது.